செஞ்சிக்குப் பட்டா கேட்பவர்கள்

2025 ஜூலை 12, சனிக்கிழமை காலை. மாத்தூரில் தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றிருந்தேன். போன் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால், குடும்ப வாட்சப் குழுவில் மாமா ஒரு படம் போட்டிருக்கிறார். ராஜகிரி மலை, அடியில் கல்யாண மகால், மேலே கொட்டை எழுத்தில்: ‘நம்ம செஞ்சிக்கு யுனெஸ்கோ அங்கீகாரம்!’ எங்கள் அம்மா பிறந்த ஊர், செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் வழியில் ஒரு சின்ன கிராமம். மாமா இன்னும் அங்கேதான் இருக்கிறார். குழுவில் வரிசையாகக் கைதட்டல், பட்டாசு, மாலை.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியம்மா மகன் வந்தான். “மாமா, என்ன பேர்ல குடுத்திருக்கான்னு படிச்சீங்களா? ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’. செஞ்சி எப்ப மராட்டியன் ஊராச்சு?” கைதட்டல் நின்றது. சாயங்காலத்துக்குள் போனில் போஸ்டர்கள் வந்து குவிந்தன. தமிழன் கோட்டை என்று ஒன்று. கோனார் கோட்டை என்று ஒன்று. நாயக்கர் கோட்டை என்று ஒன்று. ராஜா தேசிங்கு குதிரை மேல் உட்கார்ந்து வாளை உயர்த்தியபடி இன்னொன்று. எதிர்ப் பக்கத்தில் சிவாஜி படத்தோடு நன்றி அறிவிப்புகள். இரண்டு நாள் சண்டை. பிறகு எல்லோரும் வேறு சண்டைக்குப் போய்விட்டார்கள்.

நான் போகவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒரே தப்பைச் செய்தது என்பதுதான் காரணம். அங்கே யாரும் வரலாறு பேசவில்லை. எல்லோரும் பட்டா கேட்டார்கள்.

பட்டா என்றால் என்னவென்று வடசென்னைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் நாற்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்தவனிடம் பட்டா இருக்காது. அந்தத் தெருவையே பார்க்காத ஒருவனிடம் இருக்கும். ஓர் இடத்தில் யார் வாழ்ந்தார்கள், யார் உழைத்தார்கள் என்று பட்டா சொல்வதில்லை. ஆபீஸில் யார் பெயர் ஏறியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். செஞ்சியைப் பற்றி நாம் இன்றுவரை எழுதியது, பேசியது, படம் எடுத்தது எல்லாமே பெரும்பாலும் இந்தப் பட்டாப் புத்தகத்தின் பக்கங்கள்தான்.

*

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கோபப்பட்டவர்கள் கையில் ஒரு நியாயமான கணக்கு இருக்கிறது.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் நடந்த உலகப் பாரம்பரியக் குழுவின் 47ஆவது கூட்டம் 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாகப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிராவில். 12ஆவது செஞ்சி. செஞ்சி மராட்டியர் கையில் இருந்தது 1677 முதல் 1698 வரை, அதாவது 21 வருஷம். அதற்கு முன் விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள், 1649வாக்கில் பீஜப்பூர் சுல்தான். அதற்குப் பின் மொகலாயர், ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஹைதர் அலி, மறுபடி ஆங்கிலேயர். இத்தனை பேர் கைமாறிய இடத்துக்கு 21 வருஷத்துக்காரர் பெயரைச் சூட்டினால் உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் எதிர்ப் பக்கத்தின் வாதத்தையும் கேட்க வேண்டும். அந்த 21 வருஷத்தில் கடைசி எட்டு சாதாரண வருஷங்கள் இல்லை. சிவாஜியின் மகன் சம்பாஜியை 1689இல் ஔரங்கசீப் கொன்றபிறகு தம்பி ராஜாராம் தப்பி ஓடி வந்து சேர்ந்த இடம் செஞ்சி. ராய்கட் விழுந்துவிட்டது. மராட்டிய அரசு என்ற ஒன்று அப்போது உயிரோடு இருந்தது என்றால், அது திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பாறைகள் மேல்தான். சிவாஜி இதை வாங்கியவுடன் மதில்களைப் பலப்படுத்தியதும் உண்மை. ஆக, அந்தத் தொகுப்பில் செஞ்சிக்கு ஓர் இடம் உண்டு. தலைப்பு பொய் இல்லை. ஒரு பக்கத்தைக் கிழித்துப் புத்தகம் என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

சரி, “தமிழன் கோட்டை” என்கிறவர்கள் கையில் என்ன இருக்கிறது? அதுவும் ஒரு பக்கம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ சொல்லும் கதை இது. 1190வாக்கில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆனந்தக் கோன் என்பவருக்கு மலையில் புதையல் கிடைத்தது. அதை வைத்துக் கோட்டை கட்டினார். மலைக்கு ஆனந்தகிரி என்று பெயர் வைத்தார். அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோன் வடக்கு மலையில் கட்ட, அது கிருஷ்ணகிரி ஆனது. சம்பவம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு 600 வருஷம் கழித்து எழுதிய கதை.

இன்று நாம் பார்க்கும் கல்யாண மகால், பெரிய களஞ்சியங்கள், வெங்கட்ரமணர் கோயில் எல்லாம் பெரும்பாலும் நாயக்கர் காலத்தவை. பட்டியலில் சேர்க்க வேண்டிய இன்னொன்று, நவாப் சாதத்துல்லா கான் பெயரில் உள்ள மசூதி. கோயிலின் ஒற்றைக் கல் தூண்களைப் பார்க்க வேண்டுமா? புதுச்சேரி கடற்கரைக்குப் போங்கள், காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனது.

ஆனந்தக் கோன் கதை எனக்குப் பிடித்த கதைதான். ஆடு மேய்த்தவன் ராஜா ஆகிறான், யாருக்குப் பிடிக்காது? ஆனால் அந்தக் கதையை இன்னும் ஓர் அடி முன்னால் தள்ளிப் பாருங்கள். இடையன் மதில் கட்டிய பிறகு, அந்த மதிலுக்குள் அடுத்த இடையன் ஆடு ஓட்டிக்கொண்டு போக முடியுமா? காவல்காரன் விடுவானா? கதையை எழுதியவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை, போஸ்டர் அடித்தவருக்கும் வரவில்லை. புதையல் கிடைத்த அன்றே ஆனந்தக் கோன் நம் ஆள் இல்லாமல் போய்விட்டார்.

*

செஞ்சியைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, இது ‘கிழக்கின் டிராய்’. இரண்டு, இது யாராலும் பிடிக்க முடியாத கோட்டை. வழிகாட்டிப் புத்தகம், யூடியூப் வீடியோ, பள்ளிக்கூடக் கட்டுரை, எதைத் திறந்தாலும் இது இருக்கும். ஒரு நிமிஷம் நின்று யோசித்தால் இரண்டுமே வேடிக்கை. டிராய் எதற்குப் பேர் போனது? விழுந்ததற்கு. பிடிக்க முடியாத கோட்டை என்கிறோமே, இதைப் பிடிக்காதவர் யார்?

அமைப்பைப் பார்த்தால் பிடிக்க முடியாததுதான். மூன்று மலைகளை முக்கோணமாக இணைக்கும் சுமார் 13 கிலோமீட்டர் மதில். நடுவில் 11 சதுர கிலோமீட்டர் நிலம். சுற்றி அகழி. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து, 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பள்ளம். அதன் மேல் போட்ட பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழி கிடையாது. நாலைந்து ஆள் இருந்தால் போதும், ஒரு படையையே நிறுத்தலாம். ஆனாலும் 1677இல் பெரிய சண்டை இல்லாமல் பேச்சுவார்த்தையிலேயே சிவாஜியிடம் கைமாறியது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதியின் படை ஒரே இரவில் பிடித்தது. மதில் சரியாகத்தான் இருந்தது. மதிலுக்குள் இருந்தவர்கள் எதற்காகச் சாக வேண்டும் என்பதில்தான் தகராறு.

அப்படியானால் இவ்வளவு கல்லை எதற்கு அடுக்கினார்கள்? ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் களஞ்சியத்துக்குள் போய் நின்று பாருங்கள். எல்லோரும் கல்யாண மகாலுக்கு முன்னால் போட்டோ எடுத்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். சுவர்களின் தடிமனைக் கையால் அளந்து பாருங்கள். மனிதர் தங்கும் கட்டடத்துக்கு இத்தனை தடிமன் கிடையாது. கிருஷ்ணகிரி மேலேயும் களஞ்சியங்கள், எண்ணெயும் நெய்யும் சேமிக்கும் தொட்டிகள். செஞ்சியில் மிச்சம் இருப்பதில் உறுதியானவை இவைதான்.

நெல் மலைமேல் விளையாது. சுற்றுப்பட்டு ஊர்களில் விளைந்து, வரியாக வந்து, மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும் உள்ளே போனது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் போனது. கோட்டையின் இதயம் களஞ்சியம். பீரங்கி அதற்குப் போட்ட பூட்டு. ஊரைக் காப்பாற்றுவதற்காகக் கட்டியது கோட்டை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரிலிருந்து எடுத்ததைக் காப்பாற்றுவதற்காகக் கட்டியது என்றுதான் அந்தக் களஞ்சியம் சொல்கிறது.

1597இல் இங்கே வந்த பிமெண்டா என்ற இயேசு சபைப் பாதிரியார், தான் இந்தியாவில் பார்த்த நகரங்களில் இதுதான் பெரியது என்றும், லிஸ்பனைத் தவிர போர்ச்சுக்கலின் எந்த நகரத்தையும்விடப் பெரியது என்றும் எழுதிவைத்தார். நம் ஆட்கள் அந்தக் குறிப்பை மெடல் மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். லிஸ்பன் கடல் வணிகத்தில் கொழுத்த துறைமுகம். செஞ்சிக்குக் கடல் கிடையாது, பெரிய ஆறு கிடையாது. அந்தப் பெருநகரம் எதைத் தின்று வாழ்ந்தது? சுற்றியிருந்த மானாவாரி நிலத்தையும் ஏரிப் பாசனத்தையும்தான்.

*

இப்போது அந்த எட்டு வருஷ முற்றுகைக்கு வருவோம். யுனெஸ்கோ தலைப்பின் ஆதாரமே அதுதான்.

1690இல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் வந்து செஞ்சி முன்னால் கூடாரம் அடித்தார். 1698 தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். முற்றுகை ஏன் இவ்வளவு நாள் இழுத்தது? மொகலாயப் படையோடு இருந்த பீம்சேன் என்ற அதிகாரி தன் நினைவுக் குறிப்பில், ஜுல்பிகார் கான் நினைத்திருந்தால் எப்போதோ பிடித்திருக்கலாம், தளபதிகள் வேண்டுமென்றே வேலையை இழுப்பார்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். புரிகிறதா? முற்றுகை நீடிக்கும்வரை படைச் செலவு வரும், பதவி இருக்கும். எங்கள் பக்கத்து காண்டிராக்டர் யாரைக் கேட்டாலும் இந்தச் சூட்சுமத்தை விளக்குவார்.

அந்த இழுவைக்கு விலை கொடுத்தது யார்? சாந்தாஜி கோர்படே, தானாஜி ஜாதவ் என்ற மராட்டியத் தளபதிகளின் குதிரைப்படை மொகலாயருக்கு வரும் தானியத்தை வழியில் மறித்தது. 1692 கடைசியில் மொகலாயப் பாசறையே பட்டினி. 1693 ஜனவரியில் ஜுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். பாரசீகக் குறிப்புகளில் படையின் பசி பதிவாகியிருக்கிறது. குதிரைகளின் பசிகூட உண்டு. சக்கரவர்த்தியின் படைக்கே சோறு கிடைக்காத சீமையில் உழுதவன் என்ன சாப்பிட்டிருப்பான்? அதை எழுத அங்கே ஆள் இல்லை. வீர வரலாறு என்று இரண்டு தரப்பும் கொண்டாடும் அந்த எட்டு வருஷமும், இரண்டு படைகள் ஒரே வயலை மாறி மாறி மேய்ந்த எட்டு வருஷம்.

இன்னொன்றும் நடந்தது. அது நேராக எங்கள் கடற்கரையில் வந்து முடிகிறது. பண நெருக்கடியில் இருந்த ராஜாராம் தரப்பு 1690இல் கடலூர் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. அப்போது சென்னை ஜார்ஜ் கோட்டையில் கம்பெனித் தலைவர் எலிஹு யேல். அமெரிக்காவில் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதே யேல். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்ந்தது. எவ்வளவு நிலம்? பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை. சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். கடலூரில் குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் இருக்கிறது. அந்த ஊர்களில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? செஞ்சி மலைமேல் இருந்த அரசர் தன் மதிலைக் காப்பாற்ற, கடலோரத்து மனிதர்களைப் பீரங்கிக் குண்டால் அளந்து விற்றார். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

*

“அப்ப தேசிங்கு?” என்று கேட்பீர்கள். நானும் அந்தப் பெருமையில் வளர்ந்தவன்தான். காலேஜில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பையன்கள் நடுவில் “எங்கம்மா ஊரு ராஜா தேசிங்கு ஊருடா” என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன்.

தேசிங்கு என்று நாம் அழைக்கும் தேஜ் சிங், மொகலாயர் நியமித்த புந்தேலா ராஜபுத்திரக் கோட்டைக் காவலர் ஸ்வரூப் சிங்கின் மகன். அப்பா 1714இல் இறந்தார். மகன் பொறுப்பேற்றான். நவாப் சாதத்துல்லா கான் வரிப் பாக்கியைக் கேட்டார். மகன் மறுத்தான். 1714 அக்டோபர் 3 அன்று நடந்த சண்டையில் செத்தான். வயது 22. மொத்த ஆட்சியே மாதக்கணக்குதான். மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டை என்ற பெயர் அவள் நினைவாக வந்தது என்பார்கள்.

சண்டை எதைப் பற்றி? வரிப் பாக்கி. யார் கொடுத்த வரி? நிலத்தில் உழுதவன் கொடுத்தது. அது தேசிங்கு கையில் நிற்க வேண்டுமா, நவாப் கைக்குப் போக வேண்டுமா என்பதுதான் விவகாரம். இரண்டில் எது நடந்திருந்தாலும் உழுதவனுக்கு ஒரு மரக்கால் திரும்ப வந்திருக்காது.

ஆனால் தேசிங்கு கதையைப் பாடியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் செய்த காரியம் 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த சினிமாவைவிடப் பெரியது. தெருவில் பாடிய அந்த ஆட்கள் வரிப் பாக்கியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்: கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து நண்பனுக்காகச் செத்த மோவுத்துக்காரன் என்கிற முகமது கான். இந்து ராஜாவுக்காக முஸ்லிம் நண்பன், முஸ்லிம் நவாபுக்கு எதிராக. அரசர்களின் சண்டையிலிருந்து தங்களுக்கு வேண்டிய நட்பை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டது ஜனம். இன்றைய போஸ்டரில் தேசிங்கு இருக்கிறான், குதிரை இருக்கிறது. மோவுத்துக்காரன் எங்கே? பாட்டுக்காரர்கள் விட்டதை நாம் பிடித்துக்கொண்டோம். அவர்கள் பிடித்ததை விட்டுவிட்டோம்.

*

இதுவரை ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பேசினேன். செஞ்சி மூன்று மலை என்று சொன்னேன் இல்லையா? மூன்றாவது எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை.

தென்கிழக்கில் இருக்கும் அந்த மலையை இன்று சந்திராயன் துர்க்கம், சந்திரகிரி என்கிறார்கள். பழைய ஆங்கில நூல்களில் அதற்குச் சக்கிலி துர்க்கம் என்று பெயர். அருந்ததிய மக்களை இழிவாகக் கூப்பிடப் பயன்பட்ட சொல் அது. அந்தச் சொல் இன்று புழக்கத்திலிருந்து ஒதுங்கியது நல்லதுதான். ஆனால் சொல்லோடு சேர்த்துக் கேள்வியையும் ஒதுக்கிவிட்டோம். ராஜாவுக்கு ஒரு மலை, கிருஷ்ணனுக்கு ஒரு மலை இருக்கும் கோட்டையில் மூன்றாவது மலைக்கு மட்டும் செருப்புத் தைக்கும் சாதியின் பெயர் எப்படி வந்தது?

பெயர்க்காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஒரு விஷயம் நிச்சயம். அந்தக் காலத்துக் கோட்டை தோல் இல்லாமல் ஒருநாள்கூட நடக்காது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கவலைக்குத் தோல் சால். குதிரைக்குச் சேணம், கடிவாள வார். கேடயம், வாளுறை, மருந்துப் பை, முரசு, செருப்பு. செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், உரித்துப் பதப்படுத்துவதும், தைப்பதும் யார் கையில் இருந்தது? முரசு கட்டியவர் இல்லாமல் எந்த ராஜா வெற்றி முரசு அடித்திருப்பான்? இதற்கு எந்தப் போஸ்டரிலும் இடம் இல்லை. ஏனென்றால் பட்டாப் புத்தகத்தில் அவர்கள் பெயர் ஏறவே இல்லை. ஏறியதெல்லாம் ஒரு மலைப் பெயராக மட்டும். அதையும் நாசூக்காக மாற்றிக்கொண்டோம்.

இதை நான் மேடைப் பேச்சாகச் சொல்லவில்லை. ஆகஸ்டில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு செஞ்சிக்குப் போனேன். மாத்தூரிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேரவே பாதி நாள் போன மாதிரி இருந்தது. பிறகு திருவண்ணாமலை பஸ். டிக்கெட் கவுண்டரைப் பார்த்ததும் அம்மா சிரித்தார். “நாங்க வெறகு பொறுக்குன எடத்துக்கு டிக்கெட்டா?” மூட்டு வலியோடு கமலக்கண்ணி அம்மன் கோயில் வரைக்கும் ஏறினார். அதற்கு மேல் முடியவில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு, சின்ன வயதில் உறவுக்காரப் பிள்ளைகளோடு இந்த அடிவாரத்தில் ஆடு ஓட்டிய கதைகளைச் சொன்னார். எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணி இருக்கும், எந்தப் பாறைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கலாம், சீத்தாப்பழம் எங்கே பழுக்கும். எந்தப் போர்டிலும் இல்லாத வரைபடம்.

மூன்றாவது மலையைக் காட்டி, “அங்கயும் போவீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“அந்தப் பக்கந்தான் புல்லு நல்லா இருக்கும். ஆனா எங்கம்மா போவ வுடமாட்டாங்க.”

“ஏன்?”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது அவங்க மலைன்னு சொல்லுவாங்க. அப்பல்லாம் அப்படித்தான்பா.”

ராஜாக்கள் போய் 200 வருஷம் ஆன பிறகும், 1921இலேயே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த பிறகும், ஓர் ஆட்டுக்காரச் சிறுமி எந்த மலையில் கால்வைக்கக் கூடாது என்று ஒரு மதில் இருந்திருக்கிறது. தொல்லியல் துறையின் வரைபடத்தில் அது இல்லை. அதைக் கட்டியது மராட்டியனா, நாயக்கனா, வெள்ளைக்காரனா? நாங்கள் கட்டியது. என் ஆயா கட்டியது. “செஞ்சி எங்களுடையது” என்று கத்துகிறவர்கள் முதலில் இந்த மதிலுக்குப் பட்டா வாங்கிக்கொள்ளட்டும்.

*

மாத்தூரில் உட்கார்ந்துகொண்டு செஞ்சியைப் பற்றி எனக்கென்ன பேச்சு என்று கேட்கலாம். சொல்கிறேன்.

எங்கள் அப்பா மணலிப் பக்கம் ஓர் ஆலையில் 26 வருஷம் காண்டிராக்ட் தொழிலாளி. ஆலையின் பெயர் வேண்டாம். மாசாமாசம் புதுப்பிக்கும் கேட் பாஸில் காண்டிராக்டர் பெயர் பெரிய எழுத்தில், அப்பா பெயர் சின்ன எழுத்தில், பல தடவை எழுத்துப் பிழையோடு. அந்த ஆலை ஒருமுறை விழா மலர் போட்டது. வழவழப்பான தாள். அடிக்கல் நாட்டியவர், திறந்துவைத்தவர், மேலாளர்கள் வரிசை. அப்பா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “போட்டோ நல்லா எடுத்துருக்கான்பா” என்று மூடிவைத்தார். அந்த ஆலையின் குழாய்களில் எது எங்கே துருப்பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். மலரில் இருந்த யாருக்கும் அது தெரியாது.

1970இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017இல் மூடினார்கள். எங்கள் பக்கத்துக்கும் இடிபாடுகள் வரத் தொடங்கிவிட்டன. இன்னும் நூறு வருஷம் கழித்து அங்கே ஒரு போர்டு வைத்தால் அதில் என்ன இருக்கும்? எந்த முதலமைச்சர் திறந்தார், எத்தனை மெகாவாட். நிலக்கரிச் சாம்பலைச் சுவாசித்தவர், ஆற்று முகத்துவாரத்தில் இறால் பிடித்தவர், கேட் பாஸ்காரர், இவர்களுக்கு ஒரு வரி இருக்குமா? செஞ்சியில் பழகிய கண்ணால் நாளைக்கு எண்ணூரையும் அப்படித்தான் பார்ப்போம்.

ஆகவே நான் கேட்பது தலைப்பு மாற்றம் இல்லை. மராட்டியர் பெயரை எடுத்துவிட்டு நாயக்கர் பெயரையோ கோனார் பெயரையோ போட்டால் விழா மலரில் போட்டோ மாறும், அவ்வளவுதான். நான் கேட்பவை சின்ன விஷயங்கள். களஞ்சியத்தின் முன்னால் ஒரு போர்டு வேண்டும்: இங்கே நெல் எப்படி வந்தது, விளைச்சலில் எவ்வளவு பங்கு எடுத்தார்கள் என்று. மூன்றாவது மலைக்கு ஒரு நல்ல பாதையும், அதன் பழைய பெயரை மறைக்காமல் எழுதிய பலகையும் வேண்டும். சுற்றுப்பட்டு ஊர்களில் என் அம்மா வயதுக்காரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சுனை, பாறை, திருவிழா, தடை எல்லாவற்றையும் அவர்கள் வாயிலிருந்து பதிவு செய்ய வேண்டும். இதற்கு யுனெஸ்கோ வேண்டாம். போனில் ரெக்கார்டர் இருக்கிறது.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கு இன்னொன்று. சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய பெரிய நூலுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அதன் தலைப்பே ‘செஞ்சியின் வரலாறும் அதன் ஆட்சியாளர்களும்’ என்றுதான் இருக்கிறது. ஆட்சி செய்யாதவர்களின் செஞ்சி இன்னும் எழுதப்படவில்லை. பிரெஞ்சுக்காரர் கையில் செஞ்சி இருந்த காலம், புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழிலேயே நாட்குறிப்பு எழுதிய காலம். 1736 முதல் 1761 வரை. படிப்பதற்கு வாசல் திறந்துதான் இருக்கிறது. ரீல்ஸுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதி போதும்.

பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பீஜப்பூர்காரர்கள் செஞ்சிக்குப் பாதுஷாபாத் என்று பெயர் வைத்தார்கள். மொகலாயர்கள் நுஸ்ரத்கட் என்றார்கள். இரண்டும் போன இடம் தெரியவில்லை. எங்கள் ஏரியாவுக்கு ஓர் ஆபீஸின் பெயர், எம்.எம்.டி.ஏ. அந்த ஆபீஸே சி.எம்.டி.ஏ. என்று மாறிப் பல வருஷம் ஆகிறது. நாங்கள் இன்னும் ஷேர் ஆட்டோவில் எம்.எம்.டி.ஏ. என்றுதான் சொல்கிறோம். ஜனம் கூப்பிடுகிற பெயர் தங்கும். ஜனத்தின் கதைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அம்மா மறுபடி அந்த மலையைப் பார்த்தார்.

“அடுத்த தடவ அங்க போலாமா?”

“மூட்டு வலிக்குமேம்மா. வழி வேற இருக்கான்னு தெரியல.”

“ஆடு போன வழி இருக்கும். கேட்டுட்டுப் போலாம், அந்த ஊருக்காரங்ககிட்ட.”